ஐந்தடி வழி: சிங்கப்பூர் நடைபாதை ஒன்றின் வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் வழிபாட்டிடங்களையும் துறைமுகங்களையும் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். அவற்றுக்கிடையே மனிதர்கள் நடந்து சென்ற வழியைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. அரசன் தேரில் சென்றான், ஆளுநன் குதிரை வண்டியில் சென்றான் என்று ஏடுகள் சொல்கின்றன. தலைச்சுமையோடு நடந்தவன் எந்தப் பக்கம் ஒதுங்கினான், வெயிலுக்கு எங்கே நின்றான், மழைக்கு எதன் கீழ் புகுந்தான் என்பதை அவை சொல்வதில்லை. நடப்பது எல்லாருக்கும் பொதுவான செயல் என்பதாலேயே அது பதிவு செய்யத் தகுதியற்றதாகக் கருதப்பட்டது போலும்.

இதற்கு விதிவிலக்காக அமைந்த நடைவழி ஒன்று தென்கிழக்காசியாவில் உண்டு. அதற்குப் பிறந்த நாள் இருக்கிறது. அதன் பெயரால் ஒரு கலவரமும் நடந்திருக்கிறது. தமிழ், மலாய், ஹொக்கியன் ஆகிய மொழிகளில் அதற்குத் தனித்தனியே பெயரும் வழங்குகிறது. சிங்கப்பூர்த் தமிழர் அதை 'அஞ்சடி' என்பார்கள். மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்பார்கள். காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. கடைவீட்டின் முன்புறத்தில், மேல்மாடியின் நிழலில், தூண்களுக்கும் கடைவாசலுக்கும் இடையே ஓடும் ஐந்தடி அகல நடைபாதையே அது. அந்த ஐந்தடியை யார் ஆள்வது என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அந்த வழக்கின் கதையே இக்கட்டுரை.

திண்ணையும் அஞ்சடியும்

அஞ்சடியை முதன்முதலாகக் காணும் தமிழருக்குத் திண்ணைதான் நினைவுக்கு வரும். இரண்டும் வீட்டின் முன்புறத்தில் இருப்பவை. இரண்டுக்கும் மேலே கூரையும் பக்கத்தில் தூணும் உண்டு. இரண்டிலும் வீட்டுக்காரருக்குச் சொந்தமான இடத்தில் அயலாருக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது.

திண்ணை உட்காருவதற்கானது. வழிப்போக்கர் அதில் களைப்பாறலாம், இரவு தங்கலாம். அது வீட்டுக்காரரின் அறம். அவர் விரும்பினால் அடைக்கலாம், கம்பி போட்டுத் தடுக்கலாம். நம் ஊர்களில் அப்படித்தான் பல திண்ணைகள் மறைந்தன. யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதையும் வீட்டுக்காரரின் சாதி முடிவு செய்தது. அஞ்சடி நடப்பதற்கானது. அது வீட்டுக்காரரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கவில்லை. நிலம் அவருடையது, தூண் அவருடையது, தரையைச் செப்பனிடும் செலவும் அவருடையது. நடக்கும் உரிமை மட்டும் ஊருக்கு உரியது. ஒரு வீட்டின் அஞ்சடி அடுத்த வீட்டின் அஞ்சடியோடு இணைந்தால்தான் அது வழியாகும். இடையில் ஒருவர் சுவர் எழுப்பினாலும் தெரு முழுவதன் நிழலும் அறுந்துபோகும். ஆகவே அதற்கு அறம் போதவில்லை, சட்டம் தேவைப்பட்டது.

1822 நவம்பர்

அந்தச் சட்டத்தின் வித்து 1822ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஊன்றப்பட்டது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், பென்கூலனில் பணியாற்றிவிட்டு 1822 அக்டோபரில் மூன்றாவதும் கடைசியுமான முறையாக அங்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் ஊர் ஒழுங்கின்றிப் பெருகியிருந்தது. உடனே நகரத் திட்டக் குழு ஒன்றை நியமித்தார். அதற்கு எழுதிக் கொடுத்த விரிவான கட்டளையில் எந்த இனத்தார் எங்கே குடியிருப்பது, தெருக்களின் அகலம் எவ்வளவு, வீடுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பன இருந்தன. அவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது. செங்கல்லால் கட்டி ஓடு வேய்ந்த வீடுகள் எல்லாம் ஒரே வகையான முகப்பைக் கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் குறிப்பிட்ட ஆழமுள்ள தாழ்வாரம் இருக்க வேண்டும். அது தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக, கூரையுடன், எக்காலமும் திறந்த வழியாக இருக்க வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம்.

'எக்காலமும் திறந்த' என்ற அந்த நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் எழுந்த பூசல்கள் எல்லாம் அதிலிருந்தே தொடங்கின.

ராஃபிள்ஸுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது பற்றி ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. 1811 முதல் 1816 வரை அவர் ஜாவாவை ஆண்டவர்; வெப்பமண்டல நகரங்களில் நிழலின் மதிப்பை அறிந்தவர். நடப்போருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கமோ அவருக்கு மிகவும் முற்பட்டது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் தெருக்களில் உயர்த்தப்பட்ட நடைமேடைகளையும் தெருவைக் கடக்கும் படிக்கற்களையும் இன்றும் காணலாம். இத்தாலியின் பொலோனியா நகரம் 1288இல் ஒரு விதி வகுத்தது: புதிதாகக் கட்டும் வீடுகள் தூண்தாழ்வாரத்துடன் கட்டப்பட வேண்டும். தாழ்வாரம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், பராமரிப்பதும் அவர் கடமை, ஆனால் பயன்பாடு பொதுமக்களுக்கு. அந்நகரில் இன்று 62 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண்தாழ்வாரங்கள் உள்ளன. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் 1573இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வகுத்த நகரமைப்பு விதிகளிலும் முதன்மைச் சதுக்கத்தைச் சுற்றித் தாழ்வாரம் வேண்டும் என்ற விதி காணப்படுகிறது. லண்டனில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் வாசலுக்கு நேரே தமக்குத் தோன்றியபடி கல் பாவிவந்த நிலையை 1762ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் மாற்றி, அப்பொறுப்பை ஆணையர்களிடம் கொடுத்தது.

இம்மரபுகளில் சிங்கப்பூரின் ஏற்பாடு பொலோனியாவின் வழியை ஒத்தது. புதிதாகப் பிறந்த ஏழைத் துறைமுகத்தில் நடைபாதை போடக் கம்பெனியிடம் பணம் இல்லை, மனமும் இல்லை. எனவே வீடு கட்டுகிறவர் தலையிலேயே அச்செலவு வைக்கப்பட்டது. நகரம் ஒரு காசும் செலவழிக்காமல் தெருவுக்கு இரு பக்கமும் நிழல்வழி பெற்றது. வீட்டுக்காரருக்கும் முழு இழப்பு இல்லை. பல கடைவீடுகளில் மேல்மாடி அஞ்சடிக்கு மேலே தெரு வரை நீண்டிருக்கும். தரையில் விட்டுக்கொடுத்த இடத்தை அவர் மாடியில் எடுத்துக்கொண்டார்.

இந்தத் தெருக்களை உண்டாக்கியதில் தமிழரின் பங்கும் உண்டு. 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அவ்வூரில் செங்கற்சூளை வைத்தவர். மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த ஊர் செங்கல் ஊராக மாறத் தொடங்கிய காலத்தின் கட்டட ஒப்பந்தக்காரர். 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டவரும் அவரே. 1825 முதல் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் காட்டை வெட்டினார்கள், சதுப்பை நிரப்பினார்கள், சாலை போட்டார்கள். 1873இல் அந்தக் கைதி முறை முடிவுக்கு வரும் வரை அத்தீவின் பொதுப்பணிகளில் பெரும்பகுதி அவர்கள் கையால் நடந்தது. காலில் தளையோடு நடந்தவர்கள் போட்ட தெருக்களில்தான் பிறர் தடையின்றி நடந்தார்கள் என்பதையும் இவ்வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழியா, வாழ்விடமா?

கட்டளை தாளில் இருந்தது. தெருவில் நடந்தது வேறு.

கடைவீடு என்பது முகப்புக் குறுகி உடல் நீண்ட கட்டடம். கீழே கடை, மேலே குடியிருப்பு. கடையின் முன்னே நிழலும் காற்றும் வெளிச்சமும் உள்ள ஐந்தடி இடம் சும்மா கிடக்கிறது. எந்த வணிகரும் அதை விட்டுவைப்பாரா? அரிசி மூட்டைகள் வெளியே வந்தன. கூடைகள் அடுக்கப்பட்டன. தச்சர் அங்கே இழைத்தார், தகரக் கொல்லர் அங்கே தட்டினார். கடைக்காரர் பயன்படுத்தாத மூலையைச் சிறு வாடகைக்கு விட்டார். முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், ஊருக்குக் கடிதம் எழுதித் தருவோர், குறி சொல்வோர், கிளி சோதிடர், பூக்கட்டுவோர், கடலை விற்போர் என்று ஒரு சிறு உலகமே ஐந்தடிக்குள் அடங்கியது. இரவில் மாடியில் இடமில்லாத கூலிகள் பாயை விரித்து அங்கேயே படுத்தார்கள்.

துறைமுகத்துக்குத் தனியாளாக வந்து இறங்கிய ஏழைக்கு முதலீடு என்று ஒன்றும் இல்லை. ஒரு முக்காலியும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தால் அஞ்சடியில் தொழில் தொடங்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மைக்கூடு போதும். இப்படி வழியின் மீது அமர்ந்தவர் எவரும் நகரத்துக்குப் பகைவர் அல்லர். அவர்களுடைய வாடிக்கையாளரும் நடந்து செல்வோரே. நடப்பவர் இல்லாவிட்டால் அமர்ந்தவருக்குப் பிழைப்பு இல்லை. அமர்ந்தவர் பெருகினால் நடப்பவருக்கு வழி இல்லை. அஞ்சடியின் சிக்கல் இந்த முடிச்சில்தான் இருந்தது.

வழி அடைபட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1860களில் அது பொறுக்கக்கூடியதாக இருந்திருக்கலாம். 1880இல் ரிக்‌ஷா வந்தது. 1886இல் நீராவி டிராம் வந்தது. மாட்டுவண்டியும் குதிரை வண்டியும் ஏற்கெனவே இருந்தன. நடைபாதையிலிருந்து தள்ளப்பட்டவர் சக்கரங்களுக்கு நடுவே நடக்க வேண்டியதாயிற்று.

1888: தாழ்வாரக் கலவரம்

1887இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. தாழ்வாரங்களில் உள்ள தடைகளை அகற்றும் அதிகாரத்தை அது நகராட்சி ஆணையர்களுக்கு உறுதிப்படுத்தியது. நகராட்சித் தலைவராக இருந்தவர் ரோவெல்; மருத்துவத் துறையிலிருந்து வந்தவர். விதியை எழுத்துப்படி நிறைவேற்ற அவர் முனைந்தார். 1888 பிப்ரவரி 21ஆம் நாள் அதிகாரிகள் தாழ்வாரங்களை ஒழிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

கடைகள் கதவடைத்தன. தெருக்களில் கூட்டம் சேர்ந்தது. டிராம் வண்டிகள் மீதும் ஐரோப்பியர் மீதும் கற்கள் விழுந்தன. மூன்று நாள் நகரின் வணிகம் நின்றது. வரலாற்றில் இது 'தாழ்வாரக் கலவரம்' என்று வழங்குகிறது. நடைபாதை ஒன்றின் பெயரால் அறியப்படும் கலவரம் உலகில் வேறெங்கும் நடந்ததாக நாம் படித்ததில்லை.

இறுதியில் இரு தரப்பும் இறங்கிவந்தன. தாழ்வாரம் முற்றிலும் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை, ஆட்கள் கடந்து செல்லப் போதிய வழி விட்டிருந்தால் போதும் என்ற சமரசத்தின் பேரில் கடைகள் மீண்டும் திறந்தன. அரசாங்கம் கலவரத்துக்குப் பின்னால் சீன இரகசியச் சங்கங்களின் கை இருப்பதாக ஐயுற்றது. ஆளுநர் செசில் கிளமெண்டி ஸ்மித் அச்சங்களை ஒடுக்கும் சட்டத்தை அடுத்த ஆண்டே கொண்டுவந்தார்.

இரகசியச் சங்கங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் சங்கங்களைக் காரணம் காட்டுவது வசதியான விளக்கமும்கூட. குடியேற்ற நாட்டுச் சிங்கப்பூரின் வெளிகளுக்காக நடந்த போராட்டங்களை ஆராய்ந்து 1996இல் நூலாக வெளியிட்ட புவியியலாளர் பிரெண்டா இயோ, இவ்வகைப் பூசல்களை இரண்டு நகரக் கருத்துகளின் மோதலாகக் காண்கிறார். நகராட்சிக்குத் தெரு என்பது போக்குவரத்துக்கான குழாய். அதில் அடைப்பு இருக்கலாகாது. அங்கு வாழ்ந்த ஆசிய மக்களுக்குத் தெரு என்பது கடையின் நீட்சி, வீட்டின் நீட்சி, உழைப்பின் இடம். ஆணையர்கள் வாழ்ந்த புறநகர் மாளிகைகளுக்கு முன்னே அஞ்சடி கிடையாது. தோட்டமும் வண்டிப்பாதையும் இருந்தன. சீனக் கடைத்தெருவில் கூடை வைக்கலாமா என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் வண்டியில் போனவர்கள்.

ஆனாலும் கடைக்காரர் பக்கத்தை முழு நியாயம் என்று நாம் எழுதிவிட முடியாது. வழியை அடைத்தவர்களில் கிளி சோதிடர் மட்டும் இல்லை. சரக்கைக் கிடங்கில் வைக்க வசதியுள்ள பெருவணிகரும் இருந்தார்கள். தெருவில் இறக்கப்பட்டவர்களோ சுமைகூலிகளும் முதியவர்களும் பிள்ளையைத் தூக்கிய பெண்களும். கல்லெறிந்தவர்களின் குரல் பதிவாகியிருக்கிறது. ஆணையிட்டவர்களின் குரல் அதைவிட நன்றாகப் பதிவாகியிருக்கிறது. மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தவரின் குரலை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லின் பயணம்

கலவரத்துக்கு முன்னும் பின்னும் அஞ்சடி பயணப்பட்டது. பினாங்கிலும் மலாக்காவிலும் கடைவீடுகள் அதே வடிவில் எழுந்தன. 1881இல் தீயில் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் கட்டச் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாயிருந்த சுவெட்டன்ஹாம் ஏற்பாடு செய்தபோது அங்கும் ஐந்தடி வழி சென்றது. ஹாங்காங்கிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் குவாங்சோவிலும் தூண்தாழ்வாரக் கடைகள் தெருக்களின் முகமாயின. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் உலக மரபு நகரங்களாக அறிவிக்கப்பட்டபோது அவற்றின் கடைவீடுகளுடன் அஞ்சடியும் அச்சிறப்பில் பங்குபெற்றது.

இந்தோனேசியாவில் இச்சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. அங்கே தெருவோர வணிகரை 'பெடாகாங் காக்கி லீமா' என்கிறார்கள். 'ஐந்தடி வணிகர்' என்பது பொருள். நாளடைவில் 'காக்கி லீமா' என்று சொன்னாலே தள்ளுவண்டிக்காரர் என்றாகிவிட்டது. நடப்பதற்காக விடப்பட்ட இடத்தின் பெயர் அங்கே அமர்ந்தவரின் பெயராக மாறிவிட்டது. 1888இல் நகராட்சி தீர்க்க முடியாமல் விட்ட வழக்குக்கு மலாய்மொழி தனக்கே உரிய முறையில் தீர்ப்பு எழுதியிருக்கிறது.

ஒழுங்கின் காலம்

சிங்கப்பூரின் கடைவீடுகளில் மக்கள்நெருக்கம் ஏறிக்கொண்டே போனது. மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். பல அறைகளுக்குச் சன்னலே இல்லை. நகரின் சுகாதார நிலையை ஆராய அழைக்கப்பட்ட பேராசிரியர் சிம்சன் 1907இல் தந்த அறிக்கை இந்த அவலத்தை வெளிப்படுத்தியது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளுக்கு இடையே பின்சந்துகள் வெட்டும் திட்டம் அதிலிருந்து பிறந்தது. மாடியில் மூச்சுவிட இடமில்லாதவர்கள் கீழே அஞ்சடியில் வந்து உட்கார்ந்தார்கள், உறங்கினார்கள். அஞ்சடியின் நெரிசலுக்கு வேர் மாடியில் இருந்தது. வேரைத் தொடாமல் வழியை மட்டும் சுத்தப்படுத்த முடியாது என்பதை நகராட்சி உணர நெடுநாள் ஆயிற்று.

வேரைத் தொட்டது விடுதலைக் காலத்து அரசு. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. கடைவீட்டு அறைகளிலும் குடிசைகளிலும் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். 1968 முதல் தெரு வணிகர்களைப் பதிவு செய்யும் பணி நடந்தது. 1971இலிருந்து அவர்களுக்காகக் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. 1986 அளவில் தெருவில் எஞ்சியவர்களும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். ரோவெல் மூன்று நாளில் செய்ய முயன்றதை இந்த அரசு பதினைந்து ஆண்டுகள் எடுத்துச் செய்தது. வேறுபாடு காலத்தில் மட்டும் இல்லை. ரோவெல் எழுந்து போ என்றார், போவதற்கு இடம் காட்டவில்லை. பின்வந்தவர்கள் இடத்தைக் கட்டிவிட்டு எழுந்து வரச் சொன்னார்கள். அந்த அங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முக்காலியும் மைக்கூடுமாகத் தொழில் தொடங்கக்கூடிய மூலை மறைந்ததும் இந்த ஒழுங்கின் விலையே.

அதே ஆண்டுகளில் நடப்பவரின் மதிப்பு இன்னொரு வழியில் குறைந்தது. தெருக்கள் கார்களுக்காக அகலப்பட்டன. 1964இல் கோலியர் கீ கடற்கரைச் சாலையின் குறுக்கே நடைமேம்பாலம் அமைந்தது. பின்னர் இத்தகைய பாலங்கள் தீவெங்கும் பரவின. விபத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்ற வகையில் அது நன்றே. ஆனால் அதன் உட்பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்காமல் போகிறது. முழங்கால் வலியுள்ள மூதாட்டி படியேறி இறங்குகிறார். இப்பாலங்கள் பலவற்றுக்கு மின்தூக்கி பொருத்தும் வேலை 2010களில்தான் நடந்தது. சாலையைக் கடக்க முதியோருக்குக் கூடுதல் நேரம் தரும் 'கிரீன் மேன் பிளஸ்' முறை 2009இல் வந்தது. சமிக்ஞைக் கம்பத்தில் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை நீளும். அவ்வளவு சிறிய நேரத்தைத் தரவும் ஒரு நகரத்துக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

ஐந்தடியின் மறுபிறப்பு

அடுக்குமாடிப் பேட்டைகளில் கடைவீடு இல்லை, ஆகவே அஞ்சடியும் இல்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், கூரையற்ற நடைபாதை பாதி நாள் பயன்படாது. கட்டடங்களின் அடித்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டார்கள். 1970களிலிருந்து அது பேட்டைகளின் பொது அடையாளமாயிற்று. முதியோர் சதுரங்கம் ஆடுவதும், மலாய்த் திருமணமும் சீன இறுதிச் சடங்கும் நடப்பதும் அதே திறந்த தளத்தில்தான். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் கூரையிட்ட இணைப்புப் பாதைகள் போடப்பட்டன. 2013இல் தொடங்கிய 'வாக் டு ரைட்' திட்டத்தில், ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் முதலிய இடங்களுக்குக் கூரைப்பாதை அமைக்க முடிவாயிற்று. 2018க்குள் 200 கிலோமீட்டர் கூடுதல் பாதை உருவானது.

ராஃபிள்ஸின் கட்டளையில் இருந்த 'தொடர்ச்சி', 'கூரை' என்ற இரண்டும் இங்கே திரும்ப வந்துவிட்டன. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. அன்று வீட்டுக்காரர் கட்டினார், இன்று பேட்டைகளில் அரசு கட்டுகிறது. ஆனால் பழைய கொள்கையும் சாகவில்லை. நகர மையத்தில் தெருவை ஒட்டிப் புதிய கட்டடம் எழுப்புவோர் பல இடங்களில் தம் நிலத்துக்குள்ளேயே பொதுமக்களுக்குக் கூரைவழி விட வேண்டும் என்பது இன்றும் அங்கே நகரமைப்பு விதி. கண்ணாடிக் கோபுரங்களின் அடியில் நடப்பவர்கள் 1822ஆம் ஆண்டின் கட்டளை ஒன்றின் நிழலில் நடக்கிறார்கள்.

பழைய அஞ்சடிகளுக்கும் காப்பு கிடைத்தது. 1960களிலும் 70களிலும் கடைவீட்டு வரிசைகள் பல இடிக்கப்பட்டன. 1989 ஜூலை 7ஆம் நாள் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய 10 பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 3,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் தப்பின. இன்று அங்கே நடந்தால் பூவேலை ஓடுகள் பதித்த தரையையும், கருங்கல் விளிம்பையும், தெருவுக்கும் நடைவழிக்கும் இடையே ஓடும் மழைநீர்க் கால்வாயையும் பார்க்கலாம். குறையையும் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டின் தரையும் அவரவர் காலத்தில் அவரவர் விருப்பப்படி போடப்பட்டதால் மட்டம் ஒன்றாக இல்லை. இங்கே ஒரு படி ஏற்றம், அங்கே ஒரு படி இறக்கம். கால் நன்றாக உள்ளவருக்கு அது அழகு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது சுவர். மரபைக் காப்பதும் வழியைத் திறப்பதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை.

புதிய வழக்கு

இருநூறு ஆண்டு வழக்கின் அண்மைத் திருப்பம் மூட்டைகளைப் பற்றியது அன்று, சக்கரங்களைப் பற்றியது. 2010களின் நடுவில் மின்தள்ளுவண்டிகள் சிங்கப்பூரின் நடைபாதைகளில் பெருகின. ஓசையின்றி விரைந்து வரும் அவற்றால் முதியோரும் பிள்ளைகளும் அடிபட்டார்கள். வேகக் கட்டுப்பாடு வந்தது, பதிவு முறை வந்தது. போதவில்லை. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் அவற்றை ஓட்டுவது தடை செய்யப்பட்டது. வீடு வீடாக உணவு கொண்டுசென்று பிழைத்த ஏராளமானோருக்கு அவ்வண்டியே தொழிற்கருவி. ஒரே இரவில் பிழைப்புப் போயிற்று என்று அவர்கள் திரண்டு முறையிட்டார்கள். வேறு வண்டிக்கு மாற உதவியாக அரசு 70 லட்சம் வெள்ளி ஒதுக்கியது. 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதைக்கு அருகே நடப்போருக்கென்றே ஒதுக்கிய பாதைகளில் மிதிவண்டிகளும் செல்லக்கூடாது என்றாயிற்று.

1888இன் காட்சி வேறு உடையில் திரும்ப வருவதை இதில் காண்கிறோம். ஒரு பக்கம் உடைமை குறைந்தவரின் பிழைப்பு. இன்னொரு பக்கம் உடல்வலிமை குறைந்தவரின் பாதுகாப்பு. இருவரும் எளியவரே. அவர்களை ஒரே ஐந்தடிக்குள் மோதவிட்டுவிட்டு, அகலமான சாலையைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உணவு கொண்டுசெல்பவர் நடைபாதையில் ஏறியதற்குக் காரணம், சாலையில் சென்றால் காருக்குக் கீழே போவோம் என்ற அச்சம். அன்று அஞ்சடியில் கூலி உறங்கியதற்குக் காரணம் மாடியில் இடமின்மை. நெரிசல் தெரியும் இடம் ஒன்று, அதன் காரணம் இருக்கும் இடம் வேறொன்று.

நடைபாதைப் பொறியியல் என்றால் அகலம், உயரம், சரிவு, வடிகால், தரைக்கல் ஆகியவற்றின் கணக்கு என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. அக்கணக்குகள் தேவைதான். ஒரு படி உயர்ந்தால் ஒருவர் வீட்டிலேயே முடங்கிவிடுகிறார். ஒரு கூரை அறுந்தால் ஒரு நாள் கூலி மழையில் போகிறது. ஆனால் அஞ்சடியின் வரலாறு கணக்குக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை வைக்கிறது. இந்த ஐந்தடியை யார் விட்டுக்கொடுப்பது? 1822இல் நிலக்காரர் விட்டுக்கொடுத்தார், மாடியில் ஈடு பெற்றார். 1888இல் நடப்பவரும் அமர்ந்தவரும் பாதிப்பாதி விட்டுக்கொடுத்தார்கள். 1970களில் தெரு வணிகர் விட்டுக்கொடுத்தார், அங்காடியில் இடம் பெற்றார். 2019இல் உணவு கொண்டுசெல்பவர் விட்டுக்கொடுத்தார். இந்தப் பட்டியலில் காரோட்டியின் பெயர் இன்னும் வரவில்லை.